படத்தின் ஆயுள் காகிதத்தில் இருக்கிறது!

புதுக் காமிரா வாங்குகிறவர் பத்துப் பேரிடம் விசாரிக்கிறார். எந்தக் கம்பெனி நல்லது? லென்ஸ் எப்படி? விலை என்ன? எல்லாவற்றையும் கேட்கிறார்.

பிலிம் வாங்கும்போதும் இரண்டு பேரைக் கேட்கிறார்.

ஆனால், படம் எதில் பதியப் போகிறதோ, அந்தக் காகிதத்தைப் பற்றி மட்டும் அவர் யாரையும் கேட்பது இல்லை. கடைக்காரர் எடுத்துக் கொடுத்த பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்.

இது சரியல்ல.

கறுப்பு-வெள்ளைப் படத்துக்குக் காமிரா எவ்வளவு முக்கியமோ, காகிதமும் அவ்வளவு முக்கியம். படத்தின் அழகில் பாதி காகிதத்தில் இருக்கிறது. படத்தின் ஆயுளோ, பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கிறது.

"இது செல்போன் காலம். இருட்டறையில் நின்று யார் படம் போடுகிறார்கள்?" என்று சிலர் கேட்கலாம்.

போடுகிறார்கள். பல நாடுகளில் இளைஞர்கள் பழைய பிலிம் காமிராவைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். எத்தனையோ வீடுகளில் தாத்தா காலத்து நெகட்டிவ்கள் தகரப் பெட்டிகளில் இன்னும் கிடக்கின்றன. அவற்றில் இருந்து நல்ல படம் ஒன்று போட்டுச் சுவரில் மாட்ட ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது காகிதத்தைப் பற்றித்தான்.

இருட்டறையில் நடப்பது என்ன?

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெள்ளைச் சட்டை அதில் கறுப்பாகத் தெரியும். கறுத்த தலைமுடி வெள்ளையாகத் தெரியும்.

அந்த நெகட்டிவை 'என்லார்ஜர்' என்ற கருவியில் வைக்கிறார்கள். அதன் வழியாக விளக்கு வெளிச்சத்தைக் கீழே உள்ள காகிதத்தின் மீது சில விநாடிகள் விழச் செய்கிறார்கள்.

அப்போது காகிதத்தில் எதுவும் தெரியாது. வெறும் வெள்ளைத் தாளாகவே இருக்கும்.

அதை 'டெவலப்பர்' என்ற மருந்துத் தண்ணீரில் போட்டவுடன்தான் வேடிக்கை. முதலில் ஒரு நிழல். பிறகு ஒரு கண். பிறகு முகம். இரண்டு நிமிடத்துக்குள் முழுப் படமும் எழுந்துவிடும். சிவப்பு விளக்கின் மங்கிய ஒளியில் இதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

அதன் பிறகு படத்தை 'ஹைப்போ' என்ற மருந்தில் போடுகிறார்கள். வெளிச்சம் படாத வெள்ளி உப்பை ஹைப்போ கரைத்து எடுத்துவிடும். இனி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாலும் படம் கறுக்காது. கடைசியாகத் தண்ணீரில் கழுவி, உலர்த்துகிறார்கள்.

இவ்வளவுதான் வேலை. இந்த வேலை முழுவதும் காகிதத்தின் மேல்தான் நடக்கிறது.

ஒரே நெகட்டிவ், பல படங்கள்!

அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸ் என்ற புகழ்பெற்ற போட்டோக்காரர் இருந்தார். 1984-ம் ஆண்டில் காலமானார்.

1941-ம் ஆண்டு நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர் வழியாக அவர் காரில் போய்க்கொண்டிருந்தார். மாலை நேரம். ஒரு பக்கம் சூரியன் மறைகிறது. மறு பக்கம் சந்திரன் எழும்புகிறது. ஊர்க் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள் கடைசி வெயிலில் பளிச்சென்று மின்னுகின்றன.

காரை நிறுத்தி, பெரிய காமிராவை எடுத்து வைத்தார். வெளிச்சத்தை அளக்கும் மீட்டரைக் காணோம்! தேட நேரம் இல்லை. சந்திரனின் பிரகாசம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். மனக்கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இன்னொரு படம் எடுப்பதற்குள் சிலுவைகளின் மேல் இருந்த வெயில் போய்விட்டது.

ஆகவே, அந்தக் காட்சிக்கு இருப்பது ஒரே ஒரு நெகட்டிவ்.

அந்த ஒன்றில் இருந்து அவர் தம் வாழ்நாளில் 1,300-க்கும் மேற்பட்ட படங்கள் போட்டார். ஆரம்பத்தில் போட்ட படங்களில் வானம் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. மேகக் கீற்றுகள் தெரிகின்றன. பிற்காலத்தில் போட்ட படங்களில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. சந்திரன் தனியாக நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வேறு வேறு நாளில் எடுத்த படமோ என்று தோன்றும்.

1948-ம் ஆண்டில் அந்த நெகட்டிவின் கீழ்ப் பகுதியை அவர் மருந்து போட்டுச் சற்று வலுப்படுத்தினார். மற்ற மாறுதல்கள் எல்லாம் இருட்டறையில், காகிதத்தின் மேல் நடந்தவை.

ஆடம்ஸ் இளமையில் பியானோ பயின்றவர். நெகட்டிவ் என்பது எழுதி வைத்த இசை மாதிரி, படம் போடுவது அதை வாசிப்பது மாதிரி என்று அவர் சொல்வது உண்டு. கீர்த்தனை ஒன்றுதான். பாடுகிற குரலில்தான் அதற்கு உயிர் வருகிறது. போட்டோவில் அந்தக் குரல் காகிதம்!

காகிதத்துக்குள் என்ன இருக்கிறது?

போட்டோக் காகிதம் பார்ப்பதற்கு ஒரு தாள். உண்மையில் அது பல அடுக்கு.

அடியில் சுத்தமான காகிதம். அதன் மேல் பேரியம் சல்பேட் என்ற வெண்ணிறப் பொடியைக் கலந்த பூச்சு. இதற்குப் 'பரைட்டா' என்று பெயர். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல, படத்துக்கு நல்ல வெண்மையைக் கொடுப்பது இதுதான்.

அதற்கு மேல் ஜெலட்டின் பூச்சு. விலங்குகளின் எலும்பில் இருந்தும் தோலில் இருந்தும் எடுக்கும் பசைதான் ஜெலட்டின். வெளிச்சம் பட்டால் மாறும் வெள்ளி உப்பு அந்தப் பசைக்குள் கலந்திருக்கிறது. படத்தில் தெரியும் கறுப்பு, மிக நுண்ணிய வெள்ளித் துகள்தான்! கொலுசு செய்யும் அதே வெள்ளி!

எல்லாவற்றுக்கும் மேலே, கீறல் விழாமல் காக்க இன்னும் ஒரு மெல்லிய பூச்சு.

இந்த அடுக்குகளை மனதில் வைத்துக்கொண்டால், எந்தக் காகிதம் எப்படி நடந்துகொள்ளும் என்பது எளிதில் விளங்கும்.

முட்டையில் செய்த படம்

ஜெலட்டின் காகிதம் பரவுவதற்கு முன், படக் காகிதத்துக்கு முட்டையின் வெள்ளைக் கருவைப் பூசினார்கள். 1850-ம் ஆண்டில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த பிளாங்கார் எவ்ரார் இந்த முறையை அறிவித்தார். உலகம் முழுவதும் அது பரவியது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத் தொழிற்சாலை ஒன்றில் 1888-ம் ஆண்டில் மட்டும் 60 லட்சம் முட்டைகளுக்கு மேல் செலவாயின!

அந்தக் காலத்துப் படக்காரர்களுக்குப் பெரிய கவலை ஒன்று இருந்தது. போட்ட படங்கள் சில ஆண்டுகளில் மஞ்சள் அடித்து மங்கிப்போயின.

1855-ம் ஆண்டில் லண்டனில் இருந்த போட்டோ சங்கம் இதை ஆராய ஒரு கமிட்டி போட்டது. விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் அந்த ஆராய்ச்சிக்கு 50 பவுன் கொடுத்தார். படம் மங்குகிறதே என்ற கவலை அரண்மனை வரை போயிருந்தது!

கமிட்டி கண்டுபிடித்தது என்ன? படத்தைச் சரியாகக் கழுவாமல் விட்டதால் ஹைப்போ காகிதத்திலேயே தங்கிவிட்டது. அதில் உள்ள கந்தகம் வெள்ளியைத் தின்றுவிட்டது. காற்றில் உள்ள கந்தகமும் துணைக்கு வந்தது.

இன்றும் படத்துக்குப் பெரிய எதிரி அதே ஹைப்போதான். அதைக் கழுவ விடாத அவசரம்தான்.

இரண்டு வகைக் காகிதம்

இன்று கடையில் கிடைக்கும் கறுப்பு-வெள்ளைக் காகிதம் பெரும்பாலும் இரண்டு வகை.

ஒன்று, 'பைபர்' காகிதம். மேலே சொன்ன பழைய முறைக் காகிதம் இது. உண்மையான காகிதம், அதன் மேல் பரைட்டா, அதன் மேல் வெள்ளிப் பூச்சு.

மற்றொன்று, 'ஆர்.சி.' காகிதம். காகிதத்தின் இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் உறை. அதன் மேல் வெள்ளிப் பூச்சு. 1970-களில் இருந்து இது எங்கும் பரவியது.

ஆர்.சி. காகிதத்தில் வசதி அதிகம். பிளாஸ்டிக் உறை இருப்பதால் மருந்தும் தண்ணீரும் உள்ளே ஊறாது. சில நிமிடம் கழுவினால் போதும். சீக்கிரம் உலர்ந்துவிடும். சுருண்டுகொள்ளாது.

பைபர் காகிதத்தில் வேலை அதிகம். மருந்து நாருக்குள் ஊறிவிடும். அது வெளியேற நேரம் ஆகும். உலரும்போது காகிதம் அப்பளம்போல் வளையும். அதைக் கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்து நேராக்க வேண்டும்.

அப்படியானால் பைபர் காகிதத்தை ஏன் வாங்க வேண்டும்?

அதன் ஆயுளுக்காக! நன்றாகக் கழுவிய பைபர் படங்கள் 100 ஆண்டு தாண்டியும் நிற்பதை உலகத்து அருங்காட்சியகங்களில் காணலாம். ஆர்.சி. காகிதத்துக்கு இவ்வளவு நீண்ட அனுபவம் கிடையாது. அது வந்த புதிதில், கண்ணாடிச் சட்டம் போட்டு வெளிச்சத்தில் மாட்டிய சில படங்களில் வெடிப்பும் ஆரஞ்சு நிறப் புள்ளிகளும் தோன்றின. பிறகு கம்பெனிகள் அதைப் பெரிதும் திருத்திவிட்டன. இப்போது வரும் ஆர்.சி. காகிதம் அன்று வந்ததைவிட நல்லது.

ஆகவே ஆர்.சி. காகிதத்தை மட்டம் என்று ஒதுக்குவது தவறு. பழகுவதற்கும், மாதிரி பார்ப்பதற்கும், நண்பர்களுக்குக் கொடுப்பதற்கும் அதுவே ஏற்றது.

ஆனால் திருமணப் படம், இறந்துபோன தாயின் படம், குடும்பம் முழுவதும் கூடி நின்ற படம்... இவை பேரன், பேத்தி காலம் வரை இருக்க வேண்டியவை. இவற்றை ஆர்.சி. காகிதத்தில் போட்டு முடித்துக்கொள்வது, ஆயுள் முழுவதும் குடியிருக்கப் போகும் வீட்டுக்குக் கீற்றுக் கூரை போட்டு விட்டுவிடுவது போலத்தான்.

நெகட்டிவைப் பார்த்துவிட்டுக் காகிதத்தை எடு!

பெரும்பாலோர் செய்யும் தவறு, காகிதத்தை முதலில் வாங்கிவிடுவது. நெகட்டிவைப் பிறகு பார்ப்பது.

இது தலைகீழ். துணி தைக்கும்போது முதலில் ஆளை அளக்கிறார்கள். பிறகுதான் துணியை வெட்டுகிறார்கள். அதுபோல நெகட்டிவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நெகட்டிவ்களில் சில சப்பென்று இருக்கும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் குறைவு. மப்பும் மந்தாரமுமான நாளில் எடுத்தவை இப்படி இருக்கும். வேறு சில முரட்டு நெகட்டிவ்கள். உச்சி வெயிலில் எடுத்தவை. வெள்ளை ஒரே வெள்ளை. கறுப்பு ஒரே கறுப்பு.

இதற்காகவே காகிதத்துக்கு நம்பர் கொடுத்திருக்கிறார்கள். வழக்கமாக 0 முதல் 5 வரை நம்பர் உண்டு. 2-ம் நம்பர் சாதாரண நெகட்டிவுக்கு. 4, 5-ம் நம்பர் காகிதம் வித்தியாசத்தைக் கூட்டும். சப்பென்ற நெகட்டிவுக்கு அது மருந்து. 0, 1-ம் நம்பர் காகிதம் வித்தியாசத்தைக் குறைக்கும். முரட்டு நெகட்டிவை அது அடக்கும்.

முன்பு ஸ்டூடியோக்காரர் ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனிப் பெட்டி வாங்கி வைக்க வேண்டியிருந்தது. 1940-ம் ஆண்டில் இங்கிலாந்தின் இல்போர்டு கம்பெனி 'மல்டிகிரேடு' என்ற காகிதத்தைக் கொண்டுவந்தது. ஒரே காகிதம், பல நம்பர்! என்லார்ஜரில் மஞ்சள் வடிகட்டியைப் போட்டால் அது மென்மையான காகிதம். மஜந்தா என்ற சிவப்பு கலந்த ஊதா வடிகட்டியைப் போட்டால் அதுவே கடுமையான காகிதம்.

புதிதாகத் தொடங்குகிறவர் இந்த வகையில் ஒரு பெட்டி வாங்குவதே புத்திசாலித்தனம். நம்பர் தவறாக வாங்கிவிட்டோமே என்ற வருத்தம் வராது.

மல்லிகையும் கூந்தலும்

சரியான நம்பர் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தாவணி போட்ட பெண் ஒருத்தியின் பழைய ஸ்டூடியோப் படத்தை வைத்துப் பார்க்கலாம். தலை நிறைய மல்லிகை. அடியில் எண்ணெய் தடவி வாரிய கூந்தல்.

படத்தில் மல்லிகை மொட்டுகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். சுண்ணாம்பு அப்பியதுபோல் ஒரே வெள்ளையாக இருந்தால், நம்பர் அதிகம். அதே சமயம் கூந்தலில் வகிடும் இழைகளும் தெரிய வேண்டும். தார் ஊற்றியதுபோல் இருந்தால், அதுவும் நம்பர் அதிகம்தான்.

பூவும் சாம்பல், கூந்தலும் சாம்பல் என்று இருந்தால், நம்பர் போதவில்லை.

பூ வெள்ளையாகவும் இருக்க வேண்டும். மொட்டும் தெரிய வேண்டும். கூந்தல் கறுப்பாகவும் இருக்க வேண்டும். இழையும் தெரிய வேண்டும். அதுதான் நல்ல படம்.

சில பேர் எடுத்ததற்கெல்லாம் கடுமையான காகிதத்தையே நாடுகிறார்கள். படம் 'பளிச்' என்று இருக்கிறதாம்! தூரத்தில் இருந்து பார்த்தால் பளிச்சென்றுதான் இருக்கும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் பாட்டியின் முகத்தில் இருந்த சுருக்கங்கள் காணாமல் போயிருக்கும். அந்தச் சுருக்கங்கள் அல்லவா பாட்டி!

பளபளப்பா? மங்கலா?

காகிதத்தின் மேற்பரப்பிலும் வகை உண்டு. பளபளப்பு, மங்கல், இரண்டுக்கும் நடுவில் முத்துப்போல் ஒன்று.

மிக ஆழமான கறுப்பைக் காட்டுவது பளபளப்புக் காகிதம். மங்கல் காகிதத்தில் மேற்பரப்பு வெளிச்சத்தைச் சிதற அடிக்கிறது. ஆகவே கறுப்பு கொஞ்சம் வெளிறித் தெரியும். ஆனால் ஜன்னலுக்கு எதிரே மாட்டினால், பளபளப்புப் படத்தில் ஜன்னல்தான் தெரியும், படம் தெரியாது. அங்கே மங்கல் காகிதமே மேல்.

நிறத்திலும் வித்தியாசம் உண்டு. வெள்ளி புரோமைடு அதிகம் உள்ள காகிதத்தில் கறுப்பு, குளிர்ந்த தூய கறுப்பாக இருக்கும். வெள்ளிக் குளோரைடு கலந்த சில காகிதங்களில் கறுப்பு, காப்பி நிறம் தட்டி இதமாக இருக்கும். கற்கோயில், பாலம், இயந்திரம் ஆகியவற்றுக்கு முன்னதும், மனித முகத்துக்குப் பின்னதும் பொருந்தும் என்பது பலரின் அனுபவம். இதில் சட்டம் எதுவும் இல்லை. கண்தான் நீதிபதி.

ஆனால் அந்த நீதிபதி ஈரத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது! ஈரமாக இருக்கும்போது படம் பிரகாசமாகத் தெரியும். உலர்ந்த பிறகு வெள்ளைப் பகுதிகள் ஒரு படி மங்கும். பைபர் காகிதத்தில் இது நன்றாகத் தெரியும். தண்ணீரில் அழகாக இருந்த படம் மறுநாள் காலையில் சோர்ந்து கிடப்பதற்கு இதுதான் காரணம். சோதனைத் துண்டு ஒன்றை முதலில் உலர்த்திப் பார்த்துவிட்டு முடிவு செய்வதே நல்லது.

செலவுக்குப் பயந்தால்?

"பைபர் காகிதத்துக்கு விலை அதிகம். சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா?" என்று கேட்பது நியாயம்.

விலையைக் குறைக்க முடியாது. வீணாவதைக் குறைக்கலாம்.

முழுத் தாளைப் போட்டுச் சோதிக்காமல், ஒரு தாளை ஐந்து துண்டாக வெட்டிக்கொள்ளலாம். ஒரு துண்டைப் படத்தின் முக்கியமான இடத்தில் வைத்து, அட்டையால் மறைத்து மறைத்து, 5, 10, 15, 20, 25 விநாடி என்று வெளிச்சம் கொடுக்கலாம். எத்தனை விநாடி சரி என்று அந்தத் துண்டே சொல்லிவிடும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய பெட்டியை வாங்குகிறவர்களும் உண்டு. அதற்கும் ஒரு பரீட்சை இருக்கிறது. சிவப்பு விளக்கில், வெளிச்சம் காட்டாத இரண்டு துண்டுகளை எடுக்க வேண்டும். ஒன்றை டெவலப்பரில் போட்டுவிட்டு ஹைப்போவில் போட வேண்டும். மற்றொன்றை நேராக ஹைப்போவில் போட வேண்டும். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் துண்டு சாம்பல் பூத்திருந்தால், அந்தப் பெட்டி கெட்டுவிட்டது. அதில் நல்ல வெள்ளை வரவே வராது.

வெப்பமும் ஈரமும் காகிதத்துக்கு ஆகாது. வாங்கிய பெட்டியைச் சமையல் அறைப் பக்கம் வைக்கக் கூடாது.

இன்னொரு சிக்கனம், ஒரே காகிதத்தில் பழகுவது. இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று மாற்றுகிறவருக்கு எதுவும் கைவசம் ஆகாது. ஒரே காகிதத்தில் 50 படம் போட்டவருக்கு, அதன் குணம் தன் பிள்ளையின் குணம்போல் தெரிந்துவிடும்.

கழுவாவிட்டால் எல்லாம் வீண்!

விலை கொடுத்துப் பைபர் காகிதம் வாங்கி, அதை ஐந்து நிமிடம் கழுவி எடுத்தால் என்ன பயன்? அதைவிட ஆர்.சி. காகிதமே மேல்.

பைபர் படத்தை ஓடும் தண்ணீரில் சுமார் 1 மணி நேரம் கழுவ வேண்டும். தண்ணீர்க் கஷ்டம் உள்ள ஊரில், தட்டில் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறப்போடலாம். சோடியம் சல்பைட் கரைத்த தண்ணீரில் முதலில் பத்து நிமிடம் போட்டு எடுத்தால், ஹைப்போ சீக்கிரம் வெளியேறும். கழுவும் நேரமும் குறையும்.

ஆர்.சி. படத்துக்கு நேர் எதிர். அதை மணிக்கணக்கில் ஊறப்போடக் கூடாது. வெட்டிய ஓரங்களின் வழியாகத் தண்ணீர் புகுந்துவிடும்.

முன்பு ஸ்டூடியோக்களில் சில படங்களைப் பழுப்பு நிறமாக மாற்றிக் கொடுப்பது வழக்கம். அழகுக்காக மட்டும் அல்ல. அப்படிச் செய்யும்போது வெள்ளி, வெள்ளி சல்பைடாக மாறுகிறது. அது எளிதில் கெடாது. தாத்தா, பாட்டியின் பழுப்புப் படங்கள் பல இன்றும் தெளிவாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

ஊட்டியில் செய்த காகிதம்

போட்டோப் பொருள்கள் எல்லாமே வெளிநாட்டில் இருந்துதான் வந்தன என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

மத்திய அரசு 1960-ம் ஆண்டில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கியது. அதன் தொழிற்சாலை ஊட்டியில் அமைந்தது. தூசி இல்லாத காற்றும் குளிர்ச்சியும் இந்தத் தொழிலுக்கு அவசியம். 'இந்து' என்ற பெயரில் பிலிமும், எக்ஸ்-ரே பிலிமும், போட்டோக் காகிதமும் அங்கே தயாராயின. இந்து என்றால் சந்திரன்.

காலம் மாறியது. பிலிம் இல்லாத காமிரா வந்தது. ஊட்டித் தொழிற்சாலை நலிந்து, மூடப்பட்டது.

ஊட்டிக்கு மட்டும் வந்த விதி அல்ல அது. அமெரிக்காவின் கோடக் கம்பெனி 2005-ம் ஆண்டில் கறுப்பு-வெள்ளைக் காகிதத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஜெர்மனியின் அக்பா போட்டோ கம்பெனி அதே ஆண்டில் நொடித்தது. ஹங்கேரியின் போர்ட்டே தொழிற்சாலை 2007-ம் ஆண்டில் மூடப்பட்டது.

இன்று இங்கிலாந்தின் இல்போர்டு, செக் நாட்டின் போமா போன்ற சில பெயர்களே மிஞ்சியிருக்கின்றன.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. கம்பெனியின் பெயரை மட்டும் நம்பி இருந்தவர்கள், அந்தப் பெயர் மறைந்ததும் கையைப் பிசைந்தார்கள். காகிதத்தின் குணத்தைத் தெரிந்து வைத்திருந்தவர்கள், வேறு பெட்டியை எடுத்துச் சோதித்துப் பார்த்து, வேலையைத் தொடர்ந்தார்கள். ஆடம்சும் ஒரே கம்பெனியைக் கட்டிக்கொண்டு அழவில்லை. வெவ்வேறு கம்பெனிகளின் காகிதத்தைச் சோதித்துப் பார்த்தே படம் போட்டார்.

எந்தப் படத்துக்கு எந்தக் காகிதம்?

எல்லாப் படத்தையும் நல்ல காகிதத்தில் போட வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு குடும்பத்தில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கலாம். அவற்றில், இது இல்லாவிட்டால் மனசு கேட்காது என்று சொல்லக் கூடியவை எத்தனை? ஐந்து இருக்கும், அல்லது பத்து இருக்கும்.

அந்தப் பத்துக்கு மட்டும் பைபர் காகிதம் வாங்க வேண்டும். அந்தப் பத்து நெகட்டிவையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஏற்ற நம்பரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கே மாட்டப் போகிறோம் என்று யோசித்து, பளபளப்பா மங்கலா என்று முடிவு செய்ய வேண்டும். அவசரம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போட்டு, முழு நேரம் கழுவ வேண்டும்.

மற்றப் படங்களுக்கு ஆர்.சி. காகிதம் போதும். அதில் குறை ஒன்றும் இல்லை.

பைபர் காகிதத்தில் இன்னும் ஒரு நன்மை உண்டு. அதன் பின்பக்கம் வெறும் காகிதம். பென்சிலால் எழுதலாம், அழியாது. பிளாஸ்டிக் பூசிய காகிதத்தில் பென்சில் சரியாகப் பிடிக்காது.

படம் உலர்ந்ததும், அதன் பின்னால் மெதுவாக, அழுத்தாமல், படத்தில் இருப்பவரின் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். 60 ஆண்டு கழித்து அதைக் கையில் எடுக்கும் குழந்தை, "இது யார்?" என்று கேட்கும். பதில் சொல்ல அப்போது யாரும் இல்லாமல் போகலாம். காகிதம் சொல்லும்.